அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணை அடையாளம் காணல்

அறிமுகமில்லாத வெளிநாட்டு எண்ணை அடையாளம் காணல் என்பது, கைப்பேசியில் தவறிய அழைப்பாகப் பதிவாகியுள்ள பன்னாட்டு எண் எந்த நாட்டைச் சேர்ந்தது, அழைத்தவர் யாராக இருக்கக்கூடும் என்பவற்றைத் திரும்ப அழைப்பதற்கு முன்பே ஆராய்ந்து அறிவதாகும். பேச்சுவழக்கில் மிஸ்டு கால் எனப்படும் தவறிய அழைப்பு, பல நாடுகளில் "என்னைத் திரும்பக் கூப்பிடு" என்னும் செய்தியாகவே பயன்படுகிறது. இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு, ஒருமுறை மட்டும் மணியடிக்கவிட்டுத் துண்டித்து, திரும்ப அழைப்பவரிடமிருந்து மிகுந்த கட்டணத்தைப் பறிக்கும் மோசடிக்கு வன்கிரி என்று பெயர்.

வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ கனடாவிலோ உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இதில் இரண்டு பக்கமும் இழப்பு நேரலாம். தெரியாத எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் பணம் போகலாம். அழைக்காமல் விட்டால், சிம் அட்டையைத் தொலைத்துவிட்டு வேறொருவர் கைப்பேசியிலிருந்து கூப்பிட்ட மகனின் அழைப்பை இழக்க நேரலாம். எனவே எல்லா வெளிநாட்டு எண்களையும் புறக்கணிப்பதோ, எல்லாவற்றுக்கும் திரும்ப அழைப்பதோ தீர்வாகாது. எண்ணைப் படித்து நாட்டை அறிவது முதல் படி. அழைத்தவரை அந்த எண் வழியாக அல்லாமல், ஏற்கெனவே தெரிந்த வேறு வழியில் உறுதிசெய்வது இரண்டாவது படி.

தவறிய அழைப்பும் வன்கிரியும்

இந்தியாவில் 2003 ஆம் ஆண்டு முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. இதனால் மணியடித்துத் துண்டிக்கப்படும் அழைப்புக்கு இருவருக்குமே செலவில்லை என்றானது. பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லவும், வாசலில் நிற்பதைத் தெரிவிக்கவும், இருப்புத் தொகை குறைந்தவர் மற்றவரை அழைக்கச் சொல்லவும் மிஸ்டு கால் பயன்பட்டது. வணிக நிறுவனங்களும் இதைப் பயன்படுத்தின. 2010 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட சிப்டயல் நிறுவனம் மிஸ்டு கால் வழியாக விளம்பரச் சேவை நடத்தியது. 2015 இல் அதை டுவிட்டர் நிறுவனம் வாங்கியது.

வன்கிரி என்பது சப்பானியச் சொல். "வன்" என்பது ஆங்கிலத்திலிருந்து அம்மொழிக்குச் சென்ற ஒன்று என்னும் எண்ணுப்பெயர். "கிரி" என்பது துண்டித்தல். ஒரு மணியடித்துத் துண்டிப்பது என்று பொருள். 2000களின் தொடக்கத்தில் சப்பானில் கணினி கொண்டு ஆயிரக்கணக்கான கைப்பேசி எண்களுக்கு ஒற்றை மணி அழைப்புகள் விடப்பட்டன. திரும்ப அழைத்தவர்களுக்குக் கட்டணச் சேவைகளின் பதிவு செய்யப்பட்ட விளம்பரம் ஒலித்தது. 2002 இல் இத்தகைய அழைப்புகளின் பெருக்கத்தால் ஒசாக்கா பகுதியில் தொலைபேசி வலையமைப்பே நெரிசலில் சிக்கியது. அதே ஆண்டில் சப்பான் தன் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி இச்செயலைத் தண்டனைக்குரியதாக்கியது. பின்னர் இம்முறை நாடு கடந்து பரவியது. 2019 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம், மேற்கு ஆப்பிரிக்க நாடான மூரித்தானியாவின் 222 என்னும் நாட்டுக் குறியீட்டைக் காட்டி நள்ளிரவில் அடுத்தடுத்து வரும் ஒற்றை மணி அழைப்புகள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது.

பணம் கைமாறும் வழி

ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் அழைப்பின் கட்டணம் ஒரே நிறுவனத்திடம் தங்குவதில்லை. அழைப்பவரின் நிறுவனம், இடைப்பட்ட நிறுவனங்களுக்கும், அழைப்பை இறுதியில் இணைத்துத் தரும் வலையமைப்புக்கும் நிமிடக் கணக்கில் பங்கு தர வேண்டும். இறுதி இணைப்புக் கட்டணம் அதிகமாக உள்ள நாடுகளின் எண் தொகுதிகளை மோசடியாளர்கள் இடைத்தரகர்கள் வழியாகப் பெறுகிறார்கள். அந்த எண்களுக்கு வரும் ஒவ்வொரு நிமிட அழைப்புக்கும் அவர்களுக்கு ஒரு பங்கு கிடைக்கிறது.

எனவே திரும்ப அழைப்பவரை எவ்வளவு நேரம் இணைப்பில் வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருப்பதே அவர்களின் நோக்கம். இசை ஒலிக்கும், "காத்திருக்கவும்" என்று ஒரு குரல் சொல்லும். சில வேளைகளில் மணியடிக்கும் ஓசையே பதிவு செய்யப்பட்டு ஒலிபரப்பப்படும். மறுமுனையில் இன்னும் எடுக்கவில்லை என்று அழைத்தவர் எண்ணிக் காத்திருக்கையில், கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். அழைப்பு அந்த நாட்டை உண்மையில் சென்றடையாமல் வழியிலேயே வேறு இடத்துக்குத் திருப்பப்படுவதும் உண்டு.

மோசடியாளருக்கு முதல் அழைப்பால் செலவு ஏறக்குறைய இல்லை, ஏனெனில் அது எடுக்கப்படுவதற்கு முன்பே துண்டிக்கப்படுகிறது. ஒற்றை மணி என்பதன் காரணம் இதுவே.

எண்ணின் அமைப்பு

உலகத் தொலைபேசி எண்கள் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.164 என்னும் பரிந்துரையின்படி அமைக்கப்படுகின்றன. முதலில் + குறி, அடுத்து ஒன்று முதல் மூன்று இலக்கங்கள் வரையிலான நாட்டுக் குறியீடு, பின்னர் உள்நாட்டு எண் என்பது இதன் வரிசை. + குறி நீங்கலாக மொத்தம் 15 இலக்கங்களுக்கு மேல் இருக்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் + குறிக்குப் பதிலாக 00 என்றும் எழுதலாம்.

குறியீட்டின் முதல் இலக்கம் உலகப் பகுதியைக் காட்டும்:

- 1: வட அமெரிக்காவும் கரிபியன் தீவுகள் பலவும்
- 2: பெரும்பாலும் ஆப்பிரிக்கா
- 3, 4: ஐரோப்பா
- 5: இலத்தீன் அமெரிக்கா
- 6: தென்கிழக்கு ஆசியா, ஓசியானியா
- 7: உருசியா, கசக்கசுத்தான்
- 8: கிழக்கு ஆசியாவும் சிறப்புச் சேவைகளும்
- 9: மேற்கு, தெற்கு, நடு ஆசியா

எந்தக் குறியீடும் மற்றொரு குறியீட்டின் தொடக்கமாக அமையாதபடி இவை வகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, 91 இந்தியா, 94 இலங்கை, 92 பாக்கித்தான் என்பவை இரண்டு இலக்கக் குறியீடுகள். 96, 97 என்று தொடங்கினால் மூன்றாவது இலக்கத்தையும் பார்க்க வேண்டும். 960 மாலைத்தீவு, 966 சவூதி அரேபியா, 971 ஐக்கிய அரபு அமீரகம், 974 கத்தார், 977 நேபாளம்.

குறியீட்டுக்கு அடுத்து வரும் இலக்கங்களின் எண்ணிக்கையும் பயனுள்ள தடயம் ஆகும். தமிழ்க் குடும்பங்களுக்கு அடிக்கடி அழைப்பு வரும் சில நாடுகளின் கைப்பேசி எண் அமைப்பு:

- இந்தியா: +91, பின் 10 இலக்கங்கள்
- இலங்கை: +94, பின் 7 இல் தொடங்கும் 9 இலக்கங்கள்
- சிங்கப்பூர்: +65, பின் 8 இலக்கங்கள்
- மலேசியா: +60, பின் 9 அல்லது 10 இலக்கங்கள்
- ஐக்கிய அரபு அமீரகம் +971, சவூதி அரேபியா +966: பின் 9 இலக்கங்கள்
- குவைத் +965, ஓமான் +968, பகுரைன் +973, கத்தார் +974: பின் 8 இலக்கங்கள்
- கனடா, ஐக்கிய அமெரிக்கா: +1, பின் 10 இலக்கங்கள்
- பிரான்சு +33, சுவிட்சர்லாந்து +41, ஆத்திரேலியா +61: பின் 9 இலக்கங்கள்
- ஐக்கிய இராச்சியம்: +44, பின் 10 இலக்கங்கள்

ஒன்றுபோல் தோன்றும் எண்கள்

+ குறியைக் கவனிக்காமல் விடுவதால் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன. தமிழ்நாட்டில் பலரிடம் 94 இல் தொடங்கும் பத்து இலக்க எண் உள்ளது. அது இந்திய எண்ணே. +94 என்று தொடங்கி மொத்தம் 11 இலக்கங்கள் இருந்தால் அது இலங்கை எண். அதுபோல 92, 93 என்று தொடங்கும் பத்து இலக்க இந்திய எண்கள் உண்டு. +92 பாக்கித்தானையும் +93 ஆப்கானித்தானையும் குறிக்கும். சிங்கப்பூர் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எண்ணினால் மொத்தம் பத்து இலக்கங்களே வரும். + குறி இல்லாமல் குறித்து வைத்தால் அது 6 இல் தொடங்கும் இந்தியக் கைப்பேசி எண் போலவே தோன்றும்.

+1 என்னும் குறியீட்டில் வேறொரு சிக்கல் உள்ளது. இதை ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் மட்டுமன்றி, 20க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றைப் பிரித்தறிய +1 க்கு அடுத்த மூன்று இலக்கங்களைப் பார்க்க வேண்டும். தமிழர் மிகுதியாக வாழும் தொரண்டோ பகுதியில் 416, 647, 905 போன்றவை வழங்குகின்றன. 473 கிரெனடா, 876 யமேக்கா, 809, 829, 849 தொமினிக்கன் குடியரசு, 284 பிரித்தானிய கன்னித் தீவுகள். அமெரிக்காவில் 1990களில் பரவிய மோசடி ஒன்று 809 என்னும் எண்ணாலேயே பெயர் பெற்றது. உள்நாட்டு எண் என நம்பித் திரும்ப அழைத்தவர்கள் பன்னாட்டுக் கட்டணம் செலுத்த நேர்ந்தது.

சில குறியீடுகள் எந்த நாட்டுக்கும் உரியவை அல்ல. 870, 881 ஆகியவை செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கும், 882, 883 ஆகியவை நாடுகளைக் கடந்த வலையமைப்புகளுக்கும், 979 பன்னாட்டு உயர்கட்டணச் சேவைக்கும் ஒதுக்கப்பட்டவை. செயற்கைக்கோள் எண்களுக்கான நிமிடக் கட்டணம் சாதாரண வெளிநாட்டு அழைப்பைவிடப் பல மடங்கு அதிகம். கப்பலில் பணிபுரியும் உறவினர் இல்லாத வீட்டுக்கு இத்தகைய எண்ணிலிருந்து அழைப்பு வருவது ஐயத்துக்குரியது.

எண் சொல்லாதவை

நாட்டுக் குறியீடு, அந்த எண் எந்த நாட்டின் எண் திட்டத்தில் அடங்கும் என்பதை மட்டுமே காட்டும். அழைப்பவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அது சான்றாகாது. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, திரையில் தோன்றும் எண்ணைப் போலியாக அமைக்க முடியும். இணையவழி அழைப்பு அமைப்புகளில், எந்த எண் காட்டப்பட வேண்டும் என்பதை அழைப்பை அனுப்புபவரே தீர்மானிக்க இயலும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு +91 என்று தொடங்கும் இந்திய எண்ணாகவும் தோன்றலாம். இதைத் தடுக்க இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஒரு தடுப்பு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் அனைத்தின் முன்னும் + குறி காட்டப்படுகிறது. உள்ளூர் அழைப்புகளில் அக்குறி இருக்காது. ஆகவே சிங்கப்பூரில் உள்ள ஒருவருக்கு, அந்நாட்டு அரசு அலுவலகத்திலிருந்து என்று சொல்லி + குறியோடு அழைப்பு வந்தால் ஐயுற இடமுண்டு.

இரண்டாவது, உண்மையான உறவினரின் அழைப்பும் தொடர்பில்லாத எண்ணைக் காட்டக்கூடும். மலிவான அழைப்பு அட்டைகள், இணைய அழைப்புச் செயலிகள் ஆகியவற்றின் வழியே செல்லும் அழைப்புகள் பல நாடுகளின் வலையமைப்புகளைக் கடந்து வருகின்றன. துபாயிலிருந்து பேசுபவரின் அழைப்பில் வேறொரு நாட்டின் எண் தோன்றுவது இதனால்தான். இத்தகைய எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் அந்த உறவினர் கிடைக்கப் போவதில்லை. அழைத்தது உறவினரே என்றாலும்கூட, திரும்ப அழைப்பது பல நேரங்களில் பயனற்றது.

ட்ரூகாலர் போன்ற செயலிகள் காட்டும் பெயர், பயனர்கள் அளித்த தகவல்களிலிருந்து திரட்டப்படுவது. பலர் மோசடி எனக் குறித்திருந்தால் அது பயனுள்ள எச்சரிக்கை. ஆனால் ஒரு நற்பெயர் தோன்றுவதை மட்டும் கொண்டு நம்ப முடியாது. போலியாகக் காட்டப்பட்ட எண்ணாக இருந்தால், அந்தப் பெயருக்கு உரியவர் இதில் தொடர்பே இல்லாத ஒருவராக இருப்பார்.

திரும்ப அழைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

1. எண்ணின் மீது விரலை வைத்துத் தவறுதலாக அழைத்துவிடாமல், விவரப் பக்கத்தைத் திறந்து + குறியையும் முதல் மூன்று இலக்கங்களையும் பார்க்க வேண்டும். +1 ஆக இருந்தால் அடுத்த மூன்று இலக்கங்களையும் பார்க்க வேண்டும்.

2. மணி எத்தனை முறை அடித்தது என்று நினைவுபடுத்த வேண்டும். உண்மையில் பேச விரும்புபவர் பெரும்பாலும் எடுக்கும் வரை மணியடிக்க விடுவார். நொடிப்பொழுதில் நின்ற அழைப்பு வன்கிரியின் இயல்பான அடையாளம்.

3. அந்த நாட்டின் நேரத்தைக் கணக்கிடலாம். ஐக்கிய அரபு அமீரகம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரமும், சவூதி அரேபியா இரண்டரை மணி நேரமும் பின்தங்கியவை. தொரண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. இது தடயம் மட்டுமே. அவசர அழைப்புக்கு நேரம் காலம் கிடையாது.

4. முழு எண்ணையும் இணையத்தில் தேடலாம். மோசடியாளர்கள் ஒரு தொகுதி எண்களை வரிசையாகப் பயன்படுத்துவதால், கடைசி இரண்டு மூன்று இலக்கங்களை நீக்கிவிட்டுத் தேடினாலும் முறையீடுகள் கிடைக்கக்கூடும்.

5. அந்த நாட்டில் உள்ள உறவினரை அல்லது நண்பரை, ஏற்கெனவே சேமித்து வைத்துள்ள எண்ணில் தொடர்புகொண்டு "நீங்கள் கூப்பிட்டீர்களா?" என்று கேட்க வேண்டும். இதுவே மிகவும் நம்பகமான முறை. அவர் கிடைக்காவிட்டால் அவருடன் தங்கியிருப்பவர், பணியிடம், ஊரிலுள்ள அவர் வீட்டார் என்ற வரிசையில் கேட்கலாம்.

6. எந்த வழியும் இல்லாதபோது அந்த எண்ணுக்கு வாட்சப்பில் "யார் பேசுவது?" என்று எழுதலாம். இதற்குப் பன்னாட்டு அழைப்புக் கட்டணம் இல்லை. ஆனால் எண் பயன்பாட்டில் உள்ளது என்பதை இது மறுமுனைக்குத் தெரிவித்துவிடும். வங்கி, கடவுச்சொல், பிறந்த நாள் போன்ற எதையும் பதிலில் தரக் கூடாது. முகப்புப் படத்தை யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் அது அடையாளமாகாது.

இக்குழப்பத்தை முன்கூட்டியே தவிர்க்க, வெளிநாடு செல்பவர் தம் முதலாளி, உடன் தங்குபவர், அருகிலுள்ள நண்பர் ஆகிய இருவர் மூவரின் எண்களை வீட்டில் எழுதிக் கொடுத்துச் செல்வது உதவும். வேறு எண்ணிலிருந்து அழைக்க நேர்ந்தால், மணியடித்துத் துண்டிக்காமல் குறுஞ்செய்தியில் பெயரை எழுதி அனுப்புவது என்று குடும்பத்துக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் உள்ளவரைப் பற்றி உண்மையிலேயே கவலை எழுந்தால், இந்தியக் குடும்பங்கள் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தையோ, வெளியுறவு அமைச்சகம் 2015 இல் தொடங்கிய மதத் என்னும் இணையதளத்தையோ நாடலாம். இலங்கைக் குடும்பங்களுக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உள்ளது.

வாட்சப் வழி அழைப்புகள்

2023 மே மாதத்தில் இந்தியாவில் பலருக்கு எத்தியோப்பியா (+251), கென்யா (+254), வியட்நாம் (+84), இந்தோனேசியா (+62), மலேசியா (+60) ஆகியவற்றின் எண்களிலிருந்து வாட்சப் அழைப்புகள் வந்தன. வாட்சப் அழைப்பு இணையத் தரவு வழியே நடப்பதால், அங்கேயே திரும்ப அழைப்பதால் உயர்கட்டணம் ஏற்படாது. இங்கே ஆபத்து உரையாடலில் உள்ளது. வீட்டிலிருந்தபடியே வேலை, முதலீடு, பரிசு என்று ஆசை காட்டுவது ஒரு வகை. காவல் துறையினர் அல்லது அரசு அலுவலர் என்று மிரட்டுவது மற்றொரு வகை. +92 எண்களிலிருந்து அரசு அலுவலர் போல நடித்து வரும் அழைப்புகள் குறித்து 2024 மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. 2023 சூனில் வாட்சப் அறிமுகப்படுத்திய வசதியைக் கொண்டு, சேமிக்கப்படாத எண்களின் அழைப்புகளை ஒலியின்றிப் பதிவாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தவறான நம்பிக்கைகள்

+375, +371 போன்ற எண்களுக்குத் திரும்ப அழைத்தால் மூன்று நொடிகளில் கைப்பேசியில் உள்ள தொடர்புப் பட்டியலும் வங்கி விவரங்களும் களவாடப்படும் என்ற செய்தி பல ஆண்டுகளாகப் பகிரப்பட்டு வருகிறது. இது உண்மையன்று. சாதாரணக் குரல் அழைப்பு, கைப்பேசியில் சேமித்துள்ளவற்றைப் படிக்கும் வழி ஆகாது. +375 பெலருசையும் +371 லாத்வியாவையும் குறிக்கும். அங்கிருந்து வரும் அழைப்புகள் அனைத்தும் மோசடியும் அல்ல. திரும்ப அழைப்பதால் ஏற்படும் இழப்பு கட்டணம் மட்டுமே.

ஆனால் அழைப்பில் ஒருவர் சொல்வதைக் கேட்டு எண்களை அழுத்துவது வேறு. *401* என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும் மோசடி குறித்து இந்தியத் தொலைத்தொடர்புத் துறை எச்சரித்துள்ளது. இதை அழுத்தினால் அழைப்புகள் மோசடியாளரின் எண்ணுக்குத் திருப்பி விடப்படும். வங்கியிலிருந்து குரல் வழியாக வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அங்கே போய்ச் சேரும். ##002# என்று அழுத்தினால் எல்லா அழைப்புத் திருப்பங்களும் நீங்கும்.

ஏற்கெனவே திரும்ப அழைத்துவிட்டால்

உடனே துண்டிக்க வேண்டும். இருப்புத் தொகையையோ மாதக் கட்டண விவரத்தையோ பார்த்து, எண், நேரம், பேசிய கால அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் முறையிடலாம். முன்கட்டணச் சிம்மில் இழப்பு பெரும்பாலும் இருப்புத் தொகையோடு நின்றுவிடும். பின்கட்டண இணைப்பில் தொகை பெருகக்கூடும். வெளிநாட்டுக்கு அழைக்கும் தேவையே இல்லாத வீடுகளில், ஐ.எஸ்.டி. வசதியை நிறுத்திவைக்குமாறு நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைப் பெறுவதற்கு இது தடையாகாது.

இந்தியாவில் ஐயத்துக்குரிய அழைப்புகளைச் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்சு பகுதியில் தெரிவிக்கலாம். பேச்சில் ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைவாகத் தெரிவித்தால் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு உண்டு. சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 ஆகிய எண்கள் இதற்கென உள்ளன. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.